மே கடைசில ஃபேமிலியோட லடாக்: இப்ப போகலாமா? யூடி (யூனியன் டெரிட்டரி) ஆனதுக்கு அப்புறம் என்ன மாறியிருக்கு?

கோயமுத்தூர்க்காரன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மே கடைசி, ஜூன் முதல் வாரம், பையனுக்கு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள லடாக் போயிட்டு வந்துடலாம்னு பிளான். நான், வீட்டம்மா, பையன், அப்பா அம்மா. அப்பாவுக்கு 60 தாண்டியாச்சு, பிபி மாத்திரை போடறாரு. லே, நூப்ரா, பாங்காங் இந்த மூணும் கண்டிப்பா பாக்கணும், முடிஞ்சா வானம் பாக்கறதுக்குப் பேர் போன ஹான்லேயும் (பையனுக்கு நட்சத்திரம்னா உயிரு).

எல்லாம் பேசி முடிச்சு டிக்கெட் போடற நேரத்துல மாமனார் போன் பண்ணி "லேல துப்பாக்கிச்சூடு, கர்ஃப்யூனு பேப்பர்ல போட்டானே, அங்கயா குழந்தையக் கூட்டிட்டுப் போறீங்க"ன்னு ஒரே சத்தம். ஆபீஸ்ல ஒருத்தர் என்னடான்னா "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, 370 எடுத்ததுல இருந்து அது சென்ட்ரல் கவர்மென்ட் கையில, பெர்மிட்டே தேவையில்ல, மணாலில வண்டி எடுத்து எங்க வேணா சுத்தலாம்"ங்கறாரு. யார் சொல்றது சரி? யூனியன் டெரிட்டரி ஆனதுல நம்மள மாதிரி டூரிஸ்டுக்கு நிஜமா என்ன மாறியிருக்கு, அங்க பிரச்சினைதான் என்ன? சமீபத்துல போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

கியர்_நாலு:

உங்க ஆபீஸ் நண்பர் சொன்னதுல பாதி சரி பாதி தப்பு. அந்தத் தப்பு பாதியை நம்பிப் போனா நடுரோட்டுல நிக்கணும், அதனால அதையே முதல்ல சொல்லிடறேன்.

பெர்மிட்: முன்னாடி பாங்காங், நூப்ரா போக நமக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேணும். 2021 ஆகஸ்ட்ல இந்தியர்களுக்கு அதை எடுத்துட்டாங்க. ஆனா சுற்றுச்சூழல் கட்டணம்னு ஆளுக்கு 400 ரூபாய், அது போக ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சின்னதா ஒண்ணு, ரெட் கிராஸுக்கு கொஞ்சம், எல்லாம் சேர்த்து ஆன்லைன்ல கட்டணும். அந்த ரசீது இல்லாம செக்போஸ்ட் தாண்ட முடியாது. ஆதாரோட சேர்த்து நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து டிரைவர் கிட்ட குடுத்துடுங்க. ஒவ்வொரு செக்போஸ்ட்லயும் அவர்தான் வண்டிய ஓரங்கட்டிட்டு பேப்பர் கட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு, நாம வண்டிய விட்டு இறங்கவே வேண்டாம். பேருக்குத்தான் பெர்மிட் இல்ல, பேப்பர் அப்படியேதான் இருக்கு.

வண்டி: இதுதான் முக்கியம். மணாலி டாக்ஸியோ ஸ்ரீநகர் டாக்ஸியோ உங்கள லேல கொண்டு வந்து இறக்கலாம், அவ்வளவுதான். அங்கிருந்து நூப்ரா, பாங்காங் சுத்திக் காட்ட விட மாட்டாங்க, லடாக் வண்டியத்தான் எடுக்கணும். வெளியூர்ல வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் கார், வாடகை பைக் இதுக்கும் அதே கதைதான். சொந்த வண்டின்னா பிரச்சினை இல்ல, ஆனா ஆர்சி உங்க பேர்லயோ வீட்டு ஆளுங்க பேர்லயோ இருக்கணும். ரூட் வாரியா ரேட் போட்டு டாக்ஸி யூனியன் ஒரு லிஸ்ட் வச்சிருக்கும், அதை வாங்கிப் பாத்துட்டுப் பேசுங்க. பேரம் பெருசா நடக்காது, ஆனா ஏமாத்தும் நடக்காது. சீசன் டல்லா இருந்தா கொஞ்சம் குறைச்சுக்குவாங்க.

சிம்: நம்ம ஊர் ப்ரீபெய்டு அங்க வேலையே செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். வீட்ல ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிட்டுப் போங்க.

பாதுகாப்புன்னு கேட்டா, உங்க மாமனார் சொன்ன துப்பாக்கிச்சூடு 2025 செப்டம்பர் 24 லே டவுனுக்குள்ள நடந்தது. டூரிஸ்ட் மேல யாரும் கை வைக்கல. ஆனா கர்ஃப்யூ போட்டு, மொபைல் நெட்டையும் கட் பண்ணா நீங்க ஹோட்டல் ரூம்லதான் உக்காரணும், அந்த ரிஸ்க் உண்டு. கேன்சல் பண்ணா காசு திரும்புற மாதிரி புக் பண்ணுங்க.

---

பழைய_பட்டாளம்:

தம்பி, நான் சர்வீஸ்ல இருந்தப்ப அந்தப் பக்கம் போஸ்டிங் பாத்தவன். கலவரத்துக்கு பயப்படறத விட உயரத்துக்கு பயப்படுங்க. லே 11,500 அடி. ஃப்ளைட்ல போய் இறங்கினா உடம்புக்கு ஒண்ணுமே புரியாது, முதல் நாள் "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு மார்க்கெட்டுக்குக் கிளம்புற ஆளுதான் ராத்திரி மூச்சுத் திணறி எஸ்என்எம் ஆஸ்பத்திரில ஆக்ஸிஜன் மாட்டிக்கிட்டுப் படுத்திருப்பாரு. முழுசா ரெண்டு நாள் லேலயே ரெஸ்ட். தலைக்கு ஊத்திக் குளிக்கறது, மாடிப்படி ஏறி இறங்கறது, சாயங்காலம் ஒரு பெக் போடறது எதுவும் வேண்டாம். அப்பாவுக்கு பிபி இருக்கறதால டயமாக்ஸ் (உயரத்துக்கு உடம்பு பழகப் போடற மாத்திரை) போடலாமா வேண்டாமான்னு உங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும், இங்க யார் சொன்னாலும் கேக்காதீங்க, நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு, பாலம், கான்வாய், கேம்ப் எதையும் போட்டோ எடுக்க வேண்டாம். டிரோன் கொண்டே போகாதீங்க. பாங்காங் ஏரி 130 கிலோமீட்டருக்கு மேல நீளம், அதுல பாதிக்கு மேல சீனாக்காரன் கட்டுப்பாட்டுல. 2020 ஜூன்ல கல்வான்ல சீனாக்காரனோட மோதல்ல நம்ம வீரர்கள் 20 பேர் போனாங்களே, அதுல நம்ம ராமநாதபுரம் ஹவில்தார் பழனியும் ஒருத்தர். விளையாட்டுக் காட்டற இடம் இல்ல அது. நேரம் இருந்தா சுஷூல் பக்கம் ரெசாங் லா நினைவிடம் பாத்துட்டு வாங்க, 1962ல குமாவுன் ரெஜிமென்ட் கம்பெனி ஒண்ணு கடைசி வரைக்கும் நின்ன இடம்.

---

வளர்ச்சி_வேணும்:

எல்லாரும் பயமுறுத்தாதீங்கப்பா. யூடி ஆனதாலதான் லடாக்குக்கு விடிவே வந்துச்சு. முன்னாடி காஷ்மீர்க்காரங்க ஃபண்ட் எல்லாத்தையும் அமுக்கிக்கிட்டாங்க. இப்ப பாருங்க, மணாலி ரூட்ல அடல் டனல், ஸ்ரீநகர் ரூட்ல ஜோஜிலா டனல், உம்லிங் லா கணவாய்க்கு 19,000 அடில தார் ரோடு, சென்ட்ரல் யுனிவர்சிட்டி, 2024ல அஞ்சு புது மாவட்டம் வேற அறிவிச்சாங்க. டூரிஸ்ட் கூட்டம் எப்படி ஏறிச்சுன்னு பாத்தீங்கல்ல? இவ்வளவு செஞ்சும் போராட்டம்னா யாரோ தூண்டி விடறாங்கன்னுதானே அர்த்தம். தைரியமா போங்க சார், ஒண்ணும் ஆகாது.

---

சிந்து_கரை:

மேல இருக்கறவருக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்ல வேண்டியிருக்கு, கேள்வி கேட்டவரும் "அங்க பிரச்சினைதான் என்ன"ன்னு கேட்டிருக்காரு. நான் டெல்லில படிச்சப்ப லே பசங்களும் கார்கில் பசங்களும் ஒரே ஹாஸ்டல், 2019ல இருந்து அவங்க பேசறத கேட்டுக்கிட்டே இருக்கேன், இப்பவும் வருஷா வருஷம் சம்மர்ல போயிட்டுதான் இருக்கேன்.

முதல்ல டனல். அடல் டனலுக்கு 2010லயே அடிக்கல் வச்சாச்சு, ஜோஜிலாவுக்கு 2018 மே மாசம். ரெண்டுமே யூடி ஆகறதுக்கு முன்னாடி. உம்லிங் லா ரோடு ராணுவத் தேவைக்கு பிஆர்ஓ (எல்லைல ரோடு போடற மத்திய அரசு அமைப்பு) போட்டது. சீனா எல்லைல இருக்கற வரைக்கும் அங்க ரோடு வந்துக்கிட்டேதான் இருக்கும், மேல எந்த ஆட்சி இருந்தாலும். யுனிவர்சிட்டி யூடிக்கு அப்புறம் வந்ததுதான், அது நியாயமான பாயின்ட், ஒத்துக்கறேன்.

யாரோ தூண்டி விட்டாங்கன்னு சொல்றீங்க. யூடி வேணும்னு கேட்டதே லே மக்கள்தான் சார். 1949லயே நேருவுக்கு மனு குடுத்திருக்காங்க, எங்களை காஷ்மீரோட சேக்காதீங்கன்னு. 1989ல பெரிய போராட்டம், அதுக்கப்புறம் சமாதானமா 1995ல லேக்கு ஹில் கவுன்சில் (மக்கள் தேர்ந்தெடுக்கற உள்ளூர் நிர்வாக சபை) குடுத்தாங்க, 2003ல கார்கிலுக்கு. 2019 ஆகஸ்ட்ல அறிவிப்பு வந்தப்ப லேல ஆடிப் பாடி ஸ்வீட் குடுத்தாங்க, கார்கில்ல கடையடைப்பு. எங்க ஹாஸ்டல்லயே ஒரே காரிடார்ல ஒரு ரூம்ல கொண்டாட்டம், எதிர் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. அந்த ரெண்டு ஊரும், ஒண்ணு பௌத்தர்கள் அதிகம், இன்னொண்ணு ஷியா முஸ்லிம்கள் அதிகம், எதுலயும் ஒத்துப் போகாதவங்க, ரெண்டே வருஷத்துல ஒண்ணா உக்காந்து ஒரே கோரிக்கைய வச்சாங்கன்னா ஏன்னு யோசிக்கணும்ல. லே அபெக்ஸ் பாடி, கார்கில் டெமாக்ரடிக் அலையன்ஸ்னு ரெண்டு கூட்டமைப்பு, கோரிக்கை நாலு: மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணை, வேலைக்கு தனி பப்ளிக் சர்வீஸ் கமிஷன், இப்ப இருக்கற ஒரு எம்பிக்கு பதிலா லேக்கு ஒண்ணு கார்கிலுக்கு ஒண்ணு.

பாண்டிச்சேரி மாதிரின்னு நெனச்சுடாதீங்க. பாண்டில சட்டசபை இருக்கு, முதலமைச்சர் இருக்காரு. லடாக் சட்டசபையே இல்லாத யூடி. முன்னாடி ஜம்மு காஷ்மீர் சட்டசபைல நாலு எம்எல்ஏ இருந்தாங்க, அதுவும் போச்சு. இப்ப டெல்லில இருந்து வர்ற லெஃப்டினன்ட் கவர்னர், அவருக்குக் கீழ ஐஏஎஸ் அதிகாரிங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வந்துடும். ஹில் கவுன்சில் இருக்கு, ஆனா பட்ஜெட்ல பெரும்பகுதி செகரட்டேரியட் கையில, கவுன்சிலுக்கு வர்றது கொஞ்சம்தான்னு கவுன்சிலர்களே புலம்புவாங்க. வெளியாட்கள் நிலம் வாங்கறதத் தடுத்த 35ஏ சட்டப் பிரிவு போனதுக்கு அப்புறம் நிலத்துக்கும் வேலைக்கும் இருந்த பழைய பாதுகாப்பு இல்ல. 2011 கணக்குப்படி மொத்த ஜனத்தொகையே 2.74 லட்சம், அதுல 90 சதவீதத்துக்கு மேல பழங்குடிங்க. அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம்ல இருக்கற மாதிரி ஆறாவது அட்டவணை எங்களுக்கும் குடுங்கன்னு கேக்கறாங்க, அதாவது நிலம், காடு, தண்ணி பத்தி சட்டம் போடற அதிகாரம் உள்ளூர் கவுன்சிலுக்கு. 2019 செப்டம்பர்ல தேசிய பழங்குடியினர் ஆணையமே இதைப் பரிந்துரை பண்ணுச்சு. 2020 கவுன்சில் தேர்தல்ல இந்த வாக்குறுதிய வச்சுத்தான் பிஜேபி லேல ஜெயிச்சுது. அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை, கமிட்டி, பேச்சுவார்த்தை. 2024 மார்ச்ல லடாக் கல்வியாளர், சுற்றுச்சூழல் போராளி சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தாரு, ராத்திரி மைனஸ்ல திறந்த வெளில. ஜூன் 2025ல கொஞ்சம் இறங்கி வந்து உள்ளூர் ஆட்களுக்கு 85 சதவீத இட ஒதுக்கீடு, 15 வருஷம் குடியிருந்தாத்தான் டொமிசைல், கவுன்சில்ல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு விதி கொண்டு வந்தாங்க. அது நல்லதுதான், ஆனா நிலத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. செப்டம்பர்ல மறுபடி உண்ணாவிரதம், 24ஆம் தேதி கல்லு, தீ, பிஜேபி ஆபீஸ எரிச்சாங்க, போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் கார்கில் சண்டைல நின்ன மாஜி ராணுவ வீரர். ரெண்டு நாள்ல வாங்சுக்க என்எஸ்ஏல (தேசிய பாதுகாப்புச் சட்டம்) புடிச்சு ஜோத்பூர் ஜெயிலுக்கு கொண்டு போனாங்க. தீ வச்சவங்கள நான் நியாயப்படுத்தல. ஆனா ஆறு வருஷமா அகிம்சையா கேட்டப்ப டீவி ஒரு நாள் காட்டல, எரிஞ்சதும் எல்லா கேமராவும் லேக்கு ஓடி வந்துச்சு.

இதுல டூரிஸ்டுக்கு என்ன சம்பந்தம்னா, நெறையவே இருக்கு. 2022லயும் 2023லயும் வருஷத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல ஆள் வந்தாங்க, ஊர் ஜனத்தொகைல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுல பாதிக்கு மேல மே முதல் செப்டம்பர் வரைக்கும். 2024ல அது நாலு லட்சத்துக்கும் கீழ எறங்கிடுச்சு, 2025ல பஹல்காம், ஆபரேஷன் சிந்தூர் சமயத்துல லே ஏர்போர்ட்டே சில நாள் மூடியிருந்துச்சு, கடைசில செப்டம்பர். லோன் போட்டு இன்னோவா வாங்கினவன் கதைய யோசிச்சுப் பாருங்க. டாக்ஸி யூனியன் வெளி வண்டிய விடாததும், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் உள்ளூர் குடும்பம் நடத்தறதும் இந்த பயத்தோட இன்னொரு முகம்தான். நாளைக்கு பெரிய கம்பெனி வந்து நிலத்தை வாங்கி ரிசார்ட் கட்டினா நாங்க அங்க வாட்ச்மேனாத்தான் நிக்கணும்னு என் ரூம்மேட் அடிக்கடி சொல்லுவான். சாங்தாங் மேய்ச்சல் பீடபூமி பக்கம் பாங்ல சோலார், காத்தாலைனு 13 ஜிகாவாட் மின் திட்டம் போட்டிருக்காங்க, அந்த நிலத்துல பஷ்மினா ஆடு மேய்க்கறவங்க எங்க போவாங்கன்னு யாரும் அவங்களக் கேட்டதா தெரியல.

தண்ணிய பத்தியும் சொல்லிடறேன். லேல மழை ரொம்பக் கம்மி, பெரும்பாலும் பனி உருகி வர்ற தண்ணிதான். பழைய வீடுகள்ல உலர் கழிப்பறை, ஒரு ரூம், நடுவுல ஓட்டை, ஓரத்துல மண் குவிச்சு ஒரு மண்வெட்டி, போனதும் ரெண்டு வெட்டு மண்ணு தள்ளி விட்டா முடிஞ்சுது, கொஞ்ச நாள்ல அதுவே வயலுக்கு எரு. ஹோட்டல் வந்ததும் ஃப்ளஷ், கீசர், போர்வெல். நம்மளுக்காகத்தான் தோண்டறாங்க. ஹோம்ஸ்டேல உலர் கழிப்பறை இருந்தா மூஞ்ச சுளிக்காதீங்க, வாசனை கூட வராது நிஜமா.

---

வளர்ச்சி_வேணும்:

நீங்க சொல்றது எல்லாம் கேக்க நல்லாருக்கு, எல்லைல இருக்கற இடத்துல முழு அதிகாரத்தையும் உள்ளூர் கவுன்சில் கிட்ட குடுத்துட்டு ஆர்மிக்கு ரோடு போட நிலம் கேட்டா நோ சொன்னா என்ன பண்ணுவீங்க? 2.74 லட்சம் பேருக்கு ஒரு மாநிலம்கறதும் நடக்கற காரியமா. சரி பேச்சு திசை மாறுது, நிறுத்திக்கறேன். டனல் வருஷம் பாத்துட்டேன், அதுல நீங்க சொன்னது கரெக்ட்.

---

சிந்து_கரை:

ராணுவத்துக்கு அவங்க ஒரு நாளும் நோ சொன்னதில்ல சார், லடாக் ஸ்கவுட்ஸ் ரெஜிமென்ட்ல வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க போல. மாநிலம் நடக்குமாங்கறது எனக்கும் டவுட்தான், ஆறாவது அட்டவணையோ அது மாதிரி வேற ஏற்பாடோ வந்தா மாநிலக் கோரிக்கைய தள்ளி வைப்பாங்கன்னு தோணுது. இது என் கணிப்பு மட்டும்தான்.

---

கோயமுத்தூர்க்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்வளவு விவரம் எதிர்பாக்கல. மணாலி டாக்ஸி ஐடியாவ விட்டுட்டேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, சிங்கப்பூர்ல இருக்கற அக்காவும் வர்றேங்கறா, சிங்கப்பூர் பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு இருக்கு. அவளுக்கும் 400 ரூபாய் கட்டினா போதுமா? ரெண்டாவது, டிரைவர் கிட்டயோ ஹோட்டல்லயோ இந்த அரசியல் எல்லாம் பேசலாமா, இல்ல வாயை மூடிக்கிட்டு இருக்கறது நல்லதா? எங்கப்பா ரிட்டயர்டு தாலுக்கா ஆபீஸ் ஹெட் கிளார்க், யாரப் பாத்தாலும் "உங்க ஊர்ல பட்டா சிட்டா எல்லாம் எப்படி"ன்னு ஆரம்பிச்சுடுவாரு.

---

கியர்_நாலு:

ஓசிஐ இருந்தாலும் இந்த விஷயத்துல வெளிநாட்டவர் கணக்குதான். அவங்களுக்கு புரொடெக்டட் ஏரியா பெர்மிட் வேணும், அது லேல பதிவு பண்ணின டிராவல் ஏஜென்ட் மூலமா மட்டும்தான் கிடைக்கும், எந்தெந்த ஊர் வரைக்கும் விடுவாங்கன்னு அவர் கிட்டயே முன்கூட்டி எழுதி வாங்கிக்கோங்க. 2021 தளர்வு இந்திய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான். ஹான்லே, சுஷூல் மாதிரி எல்லை ஓர ஊர்களை அக்காவோட சேர்த்து பிளான் பண்ணாதீங்க, இல்லன்னா செக்போஸ்ட்ல அவங்க மட்டும் இறங்க வேண்டியதா போயிடும்.

---

சிந்து_கரை:

உங்கப்பாவ பட்டா சிட்டா கேக்க விடுங்க, அதை விட நல்ல டாபிக் அங்க இல்ல 😀 டிரைவர் லே டு நூப்ரா முழுக்க நிலத்தைப் பத்தி பேசிக்கிட்டே வருவாரு. நாம கேட்டுக்கலாம். நாம போய் "370 எடுத்தது சரியா தப்பா"ன்னு பட்டிமன்றம் வைக்கறதுதான் வேண்டாம். லே ஆளுக்கு ஒரு மாதிரி வலிக்கும், கார்கில் ஆளுக்கு வேற மாதிரி. செத்துப் போனவங்கள பத்தி அவங்களா எடுத்தா மட்டும் பேசுங்க, சின்ன ஊரு, யாராவது சொந்தக்காரங்களா இருப்பாங்க.

முடிஞ்சா போற வழியோ திரும்பற வழியோ ஒண்ணு ஸ்ரீநகர் ரோடா வச்சு கார்கில்ல ஒரு ராத்திரி தங்குங்க. எல்லாரும் அதை டீக்கடை மாதிரி தாண்டிப் போயிடறாங்க. பயணிகள் விமானம் அங்க இல்ல, டூரிஸ்ட் காசு முழுக்க லேக்குப் போகுதுங்கறது கார்கில்காரங்களோட பழைய குறை. உயரமும் லேய விட கம்மி, வயசானவங்களுக்கு உடம்பு மெதுவா பழகும்.

---

பழைய_பட்டாளம்:

ஸ்ரீநகர் ரோடு நல்ல யோசனை, ஆனா மே கடைசில ஜோஜிலாவுல பனிச்சரிவு, ஒன்வே எல்லாம் இருக்கும், நாள் கையில எக்ஸ்ட்ரா வேணும். அதனால ஃப்ளைட்ல போறதுன்னா இப்படி வைங்க: லே ரெண்டு நாள் ரெஸ்ட், மூணாவது நாள் ஆல்ச்சி, லிகிர் பக்கம் ஷாம் வேலி (ஆல்ச்சி லேய விட தாழ்வு), அப்புறம் நூப்ரா. வழில கார்டுங் லா கணவாய் வரும், அங்க பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க, போட்டோ எடுத்துட்டு இறங்குங்க. நூப்ராவுல ஹுண்டர் பத்தாயிரம் அடிதான், அங்க ரெண்டு ராத்திரி தங்கினா துர்துக்கும் பாத்துடலாம், 1971 வரைக்கும் பாகிஸ்தான் கையில இருந்த ஊரு, அப்ரிகாட் தோட்டம். பாங்காங் கடைசில. 14,000 அடில ராத்திரி தங்கறது அப்பாவுக்கு சரிப்படுமான்னு நூப்ராவுல அவர் எப்படி இருக்காருன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, இல்லன்னா விடிகாலைல லேல இருந்து கிளம்பி சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுங்க. ஹான்லே இந்தத் தடவை வேண்டாம் தம்பி, பையன் வளரட்டும்.

லே ஃப்ளைட் எல்லாமே காலைல இருக்கறதா பாத்து போடுங்க, மதியம் காத்து அடிக்க ஆரம்பிச்சா கேன்சல் ஆகும். 2024 ஜூலைல வெயில் அதிகமாகி காத்து லேசாயிடுச்சுன்னே ஃப்ளைட்ட ரத்து பண்ணாங்க. டெல்லி கனெக்‌ஷன அதே நாள்ல டைட்டா வைக்காதீங்க. அப்பாவோட பிபி மாத்திரை ஹேண்ட் பேக்ல இருக்கட்டும், செக்-இன் பெட்டில போட்டுடாதீங்க.